கடைசிப் பாட்டுக்கு முன்னால் கொஞ்சம் மௌனம்: சிங்கப்பூரில் சேர்ந்து பாடவும் சும்மா இருக்கவும் எங்கே போகலாம்?

வாரத்தில் ஒரு மாலை, ஒன்றரை மணி நேரம். சேர்ந்து பாடவும் வேண்டும், பாடிய சூட்டோடு கொஞ்ச நேரம் வாயைத் திறக்காமல் உட்காரவும் வேண்டும். சிங்கப்பூரில் இதற்கு எங்கே போவது, இல்லை யார் வீட்டிலாவது நாமே தொடங்கிவிடலாமா? நண்பர்கள் கூடும்போதெல்லாம் இந்தப் பேச்சு வருகிறது. ஒருவர் பார்ட்லி சாலை ராமகிருஷ்ண மடம் என்கிறார், ஒருவர் வியாழக்கிழமை பஜனை என்கிறார், இன்னொருவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பத்து நாள் விபாசனா மௌனத் தியான முகாமுக்குப் போய் வா என்கிறார், கடைசியில் தேக்காவில் தோசை சாப்பிட்டுவிட்டு அவரவர் எம்ஆர்டி பிடித்துப் போய்விடுகிறோம். இவற்றில் சிலவற்றில் நானே போய் உட்கார்ந்திருக்கிறேன், சிலவற்றைப் போய்வந்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மரபு, ஒரே தராசில் வைக்க முடியாதுதான். ஆனாலும் எல்லா இடத்துக்கும் பொருந்துகிற ஒரு கேள்வி எனக்கு இருக்கிறது: பாட்டு நின்ற அடுத்த ஒரு நிமிடத்தில் அங்கே என்ன நடக்கிறது?

நம்மவர் கூட்டங்களில் வழக்கமாக நடப்பது தெரிந்ததுதான். ஜால்ரா ஓய்ந்த மறுநொடி யாரோ மைக்கைத் தட்டுவார். அடுத்த வாரம் யார் வீட்டில், இன்றைய பிரசாதம் யார் உபயம், கீழே வழியை மறித்து நிற்கிற வெள்ளைக் கார் யாருடையது. ஒரு மணி நேரம் தொண்டை நோகப் பாடி வந்து சேர்ந்த இடத்தில் ஒரு நிமிடம்கூட நிற்காமல் திரும்பிவிடுகிறோம்.

பாட்டையும் மௌனத்தையும் சேர்ப்பது ஏதோ யோகா ஸ்டூடியோக்காரர்கள் கொண்டுவந்த புதுப் பழக்கம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட திருப்புகழைச் சந்தம் துள்ளத் துள்ளப் பாடிவைத்த அருணகிரிநாதரேதான் கந்தர் அனுபூதியில், 'சும்மா இரு சொல்லற' என்று முருகன் சொன்னதையும், சொன்னவுடன் தனக்கு வேறெதுவுமே தெரியாமல் போனதையும் எழுதியிருக்கிறார். தாயுமானவர், மதயானையை வசமாக நடத்தலாம், கரடி புலியின் வாயைக் கட்டலாம், சிங்கத்தின் முதுகில் ஏறலாம், சிந்தையை அடக்கிச் சும்மா இருப்பதுதான் அரிது என்று அதையும் ஒரு பாட்டாகத்தான் பாடினார். பாடத் தெரிந்தவர்கள்தான் நம் மரபில் சும்மா இருப்பதைப் பற்றி அதிகம் பேசியிருக்கிறார்கள்.

உடம்பு இதற்கு ஒத்துழைக்கிறதா என்று கேட்டால், ஒத்துழைக்கிறது. இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியும் கூட இருந்தவர்களும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், 23 பேரை லத்தீன் ஜெபமாலையையும் ஒரு யோக மந்திரத்தையும் சொல்லவைத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்குத் தணிந்தது, இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கமும் அதோடு சேர்ந்துகொண்டது. 2006இல் அதே பெர்னார்டி குழு இசை கேட்பவர்களை ஆராய்ந்தது. அதில் எதிர்பாராமல் கிடைத்த செய்திதான் நமக்கு வேண்டியது: இசைத் துண்டுகளுக்கு நடுவே இரண்டு நிமிட இடைவெளி விட்டபோது ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் மூச்சும், இசை தொடங்குவதற்கு முன்னால் அமைதியாக இருந்தபோது இருந்ததைவிடக் கீழே இறங்கின. அவர்கள் கேட்டவர்கள், பாடியவர்கள் இல்லை, ஆளும் 24 பேர்தான், ஆகவே இதை வைத்துக் கோட்டை கட்ட வேண்டாம். ஆனால் வெறுமனே போய் உட்கார்ந்தால் வராத அமைதி, பாடிவிட்டு நிறுத்தினால் வருகிறது என்பது பஜனைக்குப் போகிற எந்தப் பாட்டிக்கும் தெரிந்த விஷயம்.

சரி, இடங்களுக்கு வருவோம்.

முதலில் பஜனை மண்டலிகள். சிங்கப்பூரில் தேடினால் எளிதில் கிடைப்பது இதுதான். சாயி பஜனை முறை ஒரு பக்கம், தென்னிந்திய நாமசங்கீர்த்தன சம்பிரதாயம் இன்னொரு பக்கம். சாயி முறையில் ஒழுங்கு அதிகம். ஓங்காரத்தில் தொடங்கும், ஒருவர் ஒரு வரி எடுப்பார், மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள், முதலில் நிதானமாக ஒரு சுற்று, அப்புறம் வேகமாக ஒரு சுற்று, ஆரத்தி, விபூதி. பாடத் தெரியாதவரும் முதல் நாளே கலந்துகொள்ளலாம், இரண்டு வரி நாமாவளி, திருப்பிச் சொன்னால் போதும். சமஸ்கிருதமும் ஹிந்தியும்தான் அதிகம், தமிழும் உண்டு. பல இடங்களில் கொஞ்ச நேரம் தியானத்துக்கும் ஒதுக்குகிறார்கள். நாமசங்கீர்த்தனத்தில் தொடக்கத் துதியான தோடயமங்களத்தில் ஆரம்பித்து ஜெயதேவரின் அஷ்டபதி, விளக்கைச் சுற்றி வருகிற திவ்யநாமம், மங்களம் என்று ஒரு கட்டுக்கோப்பு இருக்கிறது, உள்ளே ராகமும் தாளமும் கொஞ்சம் கனம், ஆனால் அந்த உற்சாகம் வேறெங்கும் கிடைக்காது. அலுவலகத்தில் நாள் முழுக்கத் திட்டு வாங்கிவிட்டு வந்தவனுக்கு இது மருந்து.

இதில் எனக்கிருக்கும் ஒரே குறை வேகம். இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று ஏறி, கஞ்சிராக்காரர் வியர்க்க விறுவிறுக்க, உச்சத்தில் போய்ப் பட்டென்று நிற்கும்போது உடம்பு முழுக்கத் துடித்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் கண்ணை மூடி உட்காரச் சொன்னால் கண்ணுக்குள்ளும் தாளம்தான் ஓடும். உச்சத்தில் நிறுத்தாமல், கடைசி ஒரு நாமாவளியை மட்டும் முதல் காலத்திலேயே வைத்து, குரலைத் தணித்துத் தணித்துப் பாடி முடிக்கிற மண்டலி கிடைத்தால் விடாதீர்கள். அப்படி முடிக்கிற இடத்தில் இரண்டு நிமிடம் யாரும் சொல்லாமலே எல்லோரும் அமைதியாக இருப்பார்கள், கவனித்துப் பாருங்கள்.

பார்ட்லி சாலையில் இருக்கும் ராமகிருஷ்ண மடத்துக்கு வருகிறேன். ராமகிருஷ்ண மிஷன் 1928 முதல் சிங்கப்பூரில் இருக்கிறது. தனியாகப் போகிறவர்களுக்கும், எந்தக் குழுவிலும் பெயர் கொடுக்க விருப்பமில்லாதவர்களுக்கும் நான் முதலில் சொல்வது இந்த இடத்தைத்தான். உலகத்தில் உள்ள எல்லா ராமகிருஷ்ண மடங்களிலும் அந்தி சாயும்போது ஆரத்தி நடக்கும், விவேகானந்தர் வங்காளத்தில் இயற்றிய 'கண்டன பவ பந்தன' பாடுவார்கள், அப்புறம் இன்னும் சில துதிகள். இங்கே அந்திப் பொழுது வருடம் முழுக்க ஏழு மணியை ஒட்டியே வருவதால், ஊர் மடங்களைப் போல பருவத்துக்குப் பருவம் நேரம் மாறுகிற தொல்லை பெரிதாக இல்லை (இருந்தாலும் ஒருமுறை கேட்டுக்கொண்டு போங்கள்).

அந்தப் பாட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். தொடக்கம் மிக நிதானம், ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துப் பாடுவார்கள், வரி முடிவதற்குள் புதியவருக்கு மூச்சு தீர்ந்துவிடும். போகப் போகத் தாளம் மாறி வேகம் பிடிக்கும், பிறகு வேறு துதிகளுக்கு நகர்ந்து சமநிலைக்கு வரும். மொழி புரியாவிட்டாலும் புத்தகத்தைப் பார்த்துப் பாடிவிடலாம், நாலைந்து முறை போனால் புத்தகமும் தேவையில்லை. எல்லாம் முடிந்ததும் அறிவிப்பு இல்லை, அரட்டை இல்லை. எழுந்து போகிறவர்கள் சத்தமில்லாமல் போவார்கள், உட்கார விரும்புகிறவர்கள் உட்கார்ந்து ஜபமோ தியானமோ செய்வார்கள். யாரும் உங்களைப் பெயர் கேட்க மாட்டார்கள். அதுவே சிலருக்குக் குறை: சேர்ந்து பாடினோமே தவிர பக்கத்தில் இருந்தவர் யார் என்று தெரியாது. தமிழ்ப் பாட்டு வேண்டும் என்று ஏங்குகிறவர்களுக்கும் இது பாதிதான் நிறைக்கும். வேலை முடிந்து ஏழு மணிக்குள் பார்ட்லி போய்ச் சேர முடியுமா என்பது அடுத்த சிக்கல். ராஃபிள்ஸ் பிளேஸில் ஆறரைக்குக் கிளம்புகிறவருக்குக் கொஞ்சம் இழுபறிதான்.

தமிழ்தான் வேண்டும் என்றால் திருமுறையும் திருப்புகழும் இருக்கின்றன. சைவக் கோயில்களில் ஓதுவார்கள் தேவாரம் பாடுகிறார்கள், வகுப்புகள் நடக்கின்றன, ஆண்டுதோறும் திருமுறை மாநாடு நடக்கிறது, பிள்ளைகள் போட்டிக்குப் பதிகம் மனப்பாடம் செய்கிறார்கள். பாட்டின் தரத்துக்கு இதற்கு மிஞ்சி ஒன்றுமில்லை. ஆனால் மௌனத்தோடு சேர்க்கும்போது இரண்டு சங்கடங்கள் வருகின்றன. ஒன்று, கோயில் என்பது மேளமும் மணியும் ஓயாத இடம், அது அப்படித்தான் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஒரு சைவக் கோயில் மண்டபத்தில் பத்து நிமிட நிசப்தம் கேட்பது நியாயமே இல்லை. இன்னொன்று, புத்தகம். திருப்புகழில் நாக்கு சுளுக்கிக்கொள்கிற சந்தங்கள் இருக்கின்றன, கண்ணை எடுத்தால் வரி தப்பிவிடும். இப்போது புத்தகமும் இல்லை, எல்லோர் கையிலும் கைப்பேசியில் பிடிஎஃப். பாட்டு முடிந்த கணமே கட்டைவிரல் தானாக வாட்ஸ்அப்புக்குப் போகிறது. நான் ஏதோ மற்றவர்களைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், என் கட்டைவிரலும் அதே ஜாதிதான்.

திருவாசகம் முழுவதையும் ஒரே அமர்வில் ஓதுகிற முற்றோதலைத் தனியாகச் சொல்ல வேண்டும். 51 பகுதிகள், 658 பாடல்கள், காலையில் உட்கார்ந்தால் பிற்பகல் வரை போகும். நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கலாம், கால் நீட்டலாம், குரல் போனவர் நிறுத்த அடுத்த வரிசை பிடித்துக்கொள்ளும். கடைசிப் பதிகங்களுக்கு வரும்போது கூட்டத்தில் ஒரு அடக்கம் வந்துவிடுகிறது, யாருக்கும் பேசத் தெம்பும் இல்லை, ஆசையும் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம் போக வேண்டியது. வாராந்தரப் பழக்கத்துக்கு ஆகாது, குடும்பஸ்தன் தாங்க மாட்டான்.

ரமணர் வழி இதற்கு நேர் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. 1896இல் திருவண்ணாமலைக்கு வந்த ரமணர் தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலும் பேசவே இல்லை, அவருடைய உபதேசமே மௌனம்தான் என்பார்கள். அப்படிப்பட்டவர் அன்பர்களுக்காகப் பாட்டும் எழுதிக் கொடுத்தார். அருணாசல அட்சரமணமாலை பிறந்த கதை எனக்கு மிகப் பிடிக்கும்: அவர் மலைக் குகையில் இருந்த காலத்தில், ஊருக்குள் பிச்சைக்குப் போன அன்பர்கள் தங்களுக்கென்று பாட ஒரு பாட்டு கேட்டார்கள், அவர் அகர வரிசையில் 108 கண்ணிகள் பாடிக் கொடுத்தார். தெருவில் நடந்துகொண்டே கூட்டமாகப் பாடுவதற்கென்று வந்த பாட்டு என்பதால் மெட்டில் சிக்கல் இல்லை. ஒருவர் கண்ணியைச் சொல்ல, மற்றவர்கள் 'அருணாசல சிவ' என்று பல்லவி சொன்னால் போதும். பல்லவி எல்லோருக்கும் மனப்பாடம், கண்ணை மூடிக்கொள்ளலாம், புத்தகம் ஒருவர் கையில் இருந்தால் போதும். 108ஐயும் பாட ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணியில் நாற்பதாவது கண்ணி வாக்கில் சலிப்பு வரும், அது போய் எண்பதுக்கு மேல் வாய் தானாகப் பாடும், நின்றதும் சும்மா இருப்பது தனியாக முயற்சி எடுக்க வேண்டிய காரியமாகவே இருக்காது. ரமண அன்பர்கள் எந்த ஊரில் கூடினாலும் பாராயணமும் மௌனமும் சேர்ந்தே இருக்கும். கூட்டம் சிறியது, விளம்பரம் கிடையாது, விசாரித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வள்ளலார் வழியினரிடமும் இதே எளிமை உண்டு. ஒரு தீபம், 'அருட்பெருஞ்ஜோதி' மகாமந்திரம், நிதானமாகத் திரும்பத் திரும்ப. அகவல் முழுவதும் என்றால் 1596 அடி, அது வேறு கதை. மந்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் குழந்தைகள்கூட ஐந்து நிமிடத்தில் சேர்ந்துகொள்வார்கள். சாமி படம், சடங்கு இதெல்லாம் ஒத்துவராத, ஆனால் பாடப் பிடிக்கிற தமிழர் ஒருவர் உங்கள் கூட்டத்தில் நிச்சயம் இருப்பார், அவரையும் உட்காரவைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கிறிஸ்தவ நண்பர்களுக்குத் தேய்ஸே செபம் தெரிந்திருக்கலாம். 1940இல் பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் தேய்ஸே என்ற சிற்றூரில் சகோதரர் ரோஜர் தொடங்கிய துறவியர் குழு, புராட்டஸ்டன்ட் கத்தோலிக்க வேறுபாடு இல்லாமல் சேர்ந்து வாழ்கிறது. அவர்கள் பாட்டு ஒரு வரி, மிஞ்சிப்போனால் இரண்டு, அதையே திரும்பத் திரும்பப் பாடுவார்கள், நம் நாமாவளிக்குத் தூரத்து உறவு மாதிரி. சிங்கப்பூரிலும் சில தேவாலயங்களில் இந்த முறையில் செபம் அவ்வப்போது நடக்கிறது. தமிழில் பாட வேண்டும் என்றால் ஓஃபிர் சாலை லூர்து அன்னை ஆலயம் போன்ற தமிழ்த் திருப்பலி உள்ள இடங்கள் இருக்கின்றன, அங்கே பாட்டு நம் மெட்டிலேயே கிடைக்கும், ஆனால் நீண்ட மௌனம் திருப்பலியின் அமைப்பில் இல்லை.

நான் தேய்ஸேயை இங்கே இழுத்ததற்குக் காரணம் வேறு. அவர்கள் மௌனத்தை வைக்கிற இடம். முடிவில் வைப்பதில்லை, வழிபாட்டின் நடுவில் வைக்கிறார்கள், எட்டுப் பத்து நிமிடம் இருக்கும், அப்புறம் மறுபடி பாட்டு. இந்தச் சின்ன விஷயம் எவ்வளவு வித்தியாசம் செய்கிறது என்பதை உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். கடைசியில் மௌனம் வைத்தால் பாதிப் பேர் மனத்துக்குள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள், பேருந்து எண் 147 எப்போது வரும் என்று கணக்குப் போடுகிறார்கள். இன்னும் ஒரு பாட்டு பாக்கி இருக்கிறது என்று தெரிந்தால் உடம்பு எழத் தயாராவதில்லை. பெர்னார்டி கண்டதும் பாட்டுக்கு நடுவே விட்ட இடைவெளியைத்தான். ஆகவே எந்த மரபைச் சேர்ந்தவராக இருந்தாலும் இதை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளுங்கள்: கடைசிப் பாட்டுக்கு முன்னால் மௌனம்.

முஸ்லிம் நண்பர்கள் கூடி உட்கார்ந்து இறைநாமம் சொல்கிற திக்ர் மஜ்லிஸ் பற்றி வெளியே இருந்து அதிகம் பேச எனக்குத் தகுதி இல்லை. தெலுக் ஆயர் தெருவின் நாகூர் தர்கா, சவுத் பிரிட்ஜ் சாலையின் ஜாமியா சூலியா பள்ளிவாசல் இரண்டும் 1820களில் தொடங்கிய தமிழ் முஸ்லிம்களின் கதையைச் சொல்பவை, ராத்திப், மௌலிது என்ற கூட்டுத் துதி ஓதல்கள் அவர்கள் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வருபவை. ஒன்று மட்டும் சொல்லலாம். காதிரிய்யா என்ற சூஃபி வழியில் (தரீக்கா) திக்ர் உரக்கச் சொல்லப்படும், நக்ஷபந்திய்யாவில் மனத்துக்குள்ளேயே சொல்வதுதான் மரபு. நாம் இங்கே அலசிக்கொண்டிருக்கிற கேள்வியை அவர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அலசி, இரண்டு பக்கமும் ஆள் சேர்த்துவைத்திருக்கிறார்கள்.

விபாசனாவைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில் நாம் பாடுவதற்கே இடமில்லை. கோயங்கா முறையில் பத்து நாள் முகாம், வருகிற நாளும் கிளம்புகிற நாளும் சேர்த்தால் பன்னிரண்டு, மாணவர்கள் பேசக்கூடாது, மந்திரம் சொல்லக்கூடாது. கட்டணம் இல்லை, விருப்பமிருந்தால் முடிவில் நன்கொடை. இங்கே சட்டப்படி முதல் ஆண்டு ஊழியருக்கு ஆண்டு விடுப்பு 7 நாள், எட்டாம் ஆண்டில்தான் 14 நாள் வரும். ஊருக்குப் போக வேண்டும், தீபாவளிக்கு ஒதுக்க வேண்டும், பிள்ளைக்குத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ வேறு. போக முடிந்தவர்கள் போய்வாருங்கள், போய்வந்தவர்களின் மௌனத்தில் ஒரு திடம் இருக்கிறது. நம் கேள்விக்கு அது விடை இல்லை.

கடைசியாக, வீட்டிலேயே ஒரு சிறு குழு. என் ஓட்டு இதற்குத்தான், குறிப்பாகப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு. ஆறு பேருக்குக் குறையாமல், பன்னிரண்டுக்கு மிகாமல். ஆறுக்குக் குறைந்தால் ஒருவர் வராத வாரம் குரல் இளைத்துவிடும், பன்னிரண்டைத் தாண்டினால் நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் கூடத்தில் முழங்கால் இடிக்கும், மூச்சு முட்டும், மின்விசிறியை நிறுத்தவே முடியாது.

சத்தம் பற்றிப் பயப்படுகிறார்கள். வீவக வீடுகளில் இரவு நேரத்தில் அடக்கமாக இருக்கச் சொல்கிறார்கள், நாம் எட்டு மணிக்கே முடித்துவிடுவோம், மைக்கும் ஸ்பீக்கரும் இல்லை, அதனால் சிக்கல் வர வாய்ப்பு குறைவு. இருந்தாலும் முதல் வாரம் பக்கத்து வீடுகளுக்கு நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள், கையில் கொஞ்சம் முறுக்கோடு. பக்கத்தில் மலாய்க் குடும்பம் இருந்தால் அவர்களுக்கு மக்ரிப் தொழுகை ஏழு மணிவாக்கில்தான் வரும். ஆறு இருபதுக்குப் பாட ஆரம்பித்து ஏழைச் சுற்றி உங்கள் மௌனம் விழும்படி வைத்துக்கொண்டால் இரண்டு வீட்டுக்கும் நல்லது. வாய்ட் டெக்கில், அதாவது புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில், வைக்கலாமே என்று ஒருவர் யோசனை சொல்வார், அதற்கு நகர மன்ற அனுமதி வேண்டும், அனுமதி கிடைத்தாலும் அங்கே சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளுக்கு நடுவே மௌனம் கிடைக்காது.

வெளியிலிருந்து வரும் சத்தமும் இருக்கும். மேல் மாடியில் கோலி உருள்கிற அந்தச் சத்தம், சிங்கப்பூரில் அதைக் கேட்காத வீடு உண்டா, சரியாக மௌனத்தின் மூன்றாவது நிமிடத்தில் வரும். மின்தூக்கி நிற்கும், யாரோ கேட்டைச் சாத்துவார்கள், எதிர் மரத்துக் குயில் உச்சஸ்தாயியில் ஆரம்பிக்கும். இதெல்லாம் பத்து நிமிடத்தைக் கெடுப்பதில்லை. கெடுப்பது, டைல்ஸ் தரையில் கவிழ்த்து வைத்த கைப்பேசி 'ட்ர்ர்ர்' என்று அதிர்வதுதான். அதனால் கைப்பேசிகள் எல்லாம் படுக்கையறைக் கட்டிலுக்குப் போய்விட வேண்டும், பாட்டு வரிகளும் அதோடு போய்விடும், ஆகவே பாட்டுகள் மனப்பாடமாக இருக்க வேண்டும். ஐந்தாறு பாட்டு போதும், வருடம் முழுக்க அதே பாட்டு. புதுப் பாட்டு சொல்லித்தர ஆசைப்படுகிற நல்ல குரல்காரர் ஒருவர் ஒவ்வொரு குழுவிலும் இருப்பார். அவரை மென்மையாகத் தடுக்க வேண்டும், மாதத்துக்கு ஒன்று என்று.

சுருதியில்தான் குழுக்கள் உடைகின்றன. பெண்களுக்கு ஐந்து கட்டை சௌகரியம், ஆண்களுக்கு ஒன்று. இரண்டு, இரண்டரையில் வைத்து, மேல் ஸட்ஜத்தைத் தாண்டாத பாட்டுகளாகத் தேர்ந்துகொண்டால் இரு தரப்பும் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பாடிவிடலாம். சுருதிப்பெட்டியைப் பாட்டு முடிந்த பிறகும் ஒரு நிமிடம் ஓடவிட்டு, அப்புறம் மெதுவாகக் குறைத்து நிறுத்துங்கள். சட்டென்று நிறுத்தினால் அறை காலியானதுபோல இருக்கும், புதியவர்கள் கண்ணைத் திறந்து யாராவது ஏதாவது சொல்லப் போகிறார்களா என்று பார்ப்பார்கள்.

மௌனம் எவ்வளவு நேரம்? ஐந்து நிமிடத்தில் ஆரம்பியுங்கள். யாரும் கேட்காமல் பத்தாக்காதீர்கள். அலாரம் வேண்டாம், கைக்கடிகாரம் கட்டிய ஒருவர் நேரம் ஆனதும் கடைசிப் பாட்டின் முதல் வரியை முணுமுணுப்பாக எடுத்தால் போதும், மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொள்வார்கள். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் முறை வைத்துக் கொடுத்துப் பாருங்கள். ஒன்பது வயதுப் பையன், பொறுப்பு தன்னிடம் இருக்கிறது என்று தெரிந்தால், அந்த ஐந்து நிமிடமும் கடிகாரத்தை முறைத்துக்கொண்டு அசையாமல் இருப்பான். தியானம் ஆகுமா ஆகாதா என்று என்னைக் கேட்காதீர்கள், அவன் பேசாமல் இருக்கிறான்.

எனவே யார் எதற்குப் போகலாம்? புதிதாக வந்தவர், தனியாள், பாடக் கூச்சப்படுகிறவர் பார்ட்லியில் ஆரம்பிக்கலாம், பாடாமல் உட்கார்ந்திருந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். ஆள் கூட்டம், கைதட்டல், உற்சாகம் இல்லாமல் தனக்குப் பக்தி வராது என்பவர் மண்டலிக்குப் போகட்டும், ஆறு மாதம் பழகிய பிறகு மங்களத்துக்கு முன்னால் மூன்று நிமிடம் கேட்டுப் பார்க்கட்டும், பெரியவர்கள் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். தமிழின் ருசிக்காகப் பாடுகிறவர் திருமுறை வகுப்பை விட வேண்டாம், மௌனத்தை வேறிடத்தில் தேடிக்கொள்ளட்டும். ஏற்கெனவே தனியாகத் தியானம் செய்து, அது வறண்டுபோய்விட்டது என்று சொல்கிறவருக்கு அட்சரமணமாலை. குடும்பமாகச் செய்ய விரும்புகிறவர்களுக்கு வீடு. இரண்டைச் சேர்த்துக்கொள்வதிலும் தப்பில்லை, சனிக்கிழமை வீட்டில், நடுவாரத்தில் முடிந்தபோது பார்ட்லி, எனக்கு அதுதான் தோதுப்படுகிறது.

வீட்டில் தொடங்குகிறவர்கள் சாப்பாட்டு விஷயத்தை மட்டும் முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள். சுண்டலும் தண்ணீரும், அவ்வளவுதான். இதைச் சொல்லாமல் விட்டால் முதல் வாரம் சுண்டல், மூன்றாம் வாரம் கேசரி, இரண்டாம் மாதம் மூன்று வகைச் சாதத்தோடு அப்பளம் என்று ஏறிக்கொண்டே போகும், அப்புறம் அடுத்த முறை யார் வீட்டில் என்று கேட்டால் அம்மாக்கள் எல்லோருக்கும் அன்றைக்குப் பார்த்து வேறு வேலை வந்துவிடும்.